கீழூரில் வாக்களித்தவர்கள் யார்?

1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியை அடுத்த கீழூரில் நடந்ததைப் ‘பொதுவாக்கெடுப்பு’ என்றே நம்மில் பலர் எழுதிவருகிறோம். அன்று வாக்களித்தோர் 178 பேர். அனைவரும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதித்துவ சபையிலும் நகராட்சி மன்றங்களிலும் இடம்பெற்றிருந்தவர்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். பொதுமக்களிடம் வாக்குச்சீட்டு தரப்படவில்லை. இதைச் சொற்சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் கூறு. 1948 ஜூனில் இரு நாடுகளும் மக்கள் வாக்கெடுப்புக்கு உடன்பட்டன. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று அது நடந்தது: இந்தியாவுக்கு 7,473 வாக்குகள், பிரான்சுக்கு 114. புதுச்சேரியிலோ அது நடக்கவே இல்லை. அங்கு எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சி மேலோங்கியிருந்தது. அச்சமற்ற வாக்கெடுப்பு அச்சூழலில் இயலாது என்றது தில்லி. வாக்கெடுப்பின்றி வெளியேற முடியாது என்றது பாரிஸ். 1954 மார்ச்சில் குபேரே அணிமாறி, வாக்கெடுப்பு இல்லாத இணைப்பைக் கோரினார். ‘மக்களின் இசைவு’ என்னும் நிபந்தனையைப் பிரதிநிதிகளின் வாக்கால் நிறைவுசெய்த சமரசமே கீழூர்.

பின்விளைவுகள் மெல்லவே வெளிப்பட்டன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. அல்ஜீரிய மக்கள் தம் விடுதலைக்காக வாக்களித்தது 1962 ஜூலை 1 அன்று. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடையதானது அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சட்டத்தில் பிரான்சு, நடைமுறையில் இந்தியா. அதன்பின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியோர் அதை எழுத்தில் தெரிவிக்க ஆறு மாத அவகாசம் பெற்றனர். தனிமனிதரின் விருப்பம் முறைப்படி கேட்கப்பட்டது அப்போதுதான். 1963இல் ஒன்றியப் பகுதியின் முதலமைச்சரானவர் குபேர்.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் கூறு, அப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் செய்யப்படும் எந்த அரசமைப்பு மாற்றமும் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே என்கிறது. 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டுடன் இணைக்கும் பேச்சு தில்லியில் எழுந்தபோது மக்கள் தெருவில் இறங்கினர், அம்முயற்சி கைவிடப்பட்டது. மாநிலத் தகுதி கோரும் குரல் இன்றும் ஓயவில்லை.

இவ்வாறு கூறுவது இணைப்பின் நியாயத்தை மறுப்பதாகாது. மக்கள் வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் இந்தியாவே வென்றிருக்கும் என்பது என் கணிப்பு. ஆயினும், வெல்லும் என்ற கணிப்பு வாக்குக்கு ஈடாகாது. கீழூரைப் ‘பிரதிநிதிகளின் தீர்மானம்’ என்று எழுதுவோம். அவ்வாறு எழுதினால்தான், தங்களைக் கேட்காமல் தங்கள் நிலையை மாற்றலாகாது என்று 1979இல் புதுச்சேரி மக்கள் ஏன் அத்தனை சினத்துடன் எழுந்தனர் என்பது நம் மாணவர்களுக்கு விளங்கும்.