ஒரு நோய்க்குப் பல மருந்து ஏன்?

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இணைபிரியாத் தோழர்கள். ஒன்று புகுந்த உடலில் மற்றொன்றும் பெரும்பாலும் வந்து சேர்கிறது. இரண்டும் கூடின், இருதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகிய நான்கும் இடருக்குள்ளாகும். இவ்விரட்டைப் பகையை வெல்லக் கூட்டு மருந்து தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

உயர்ந்த அழுத்தம் உடலின் தேவையே என்றும், அதைக் குறைத்தல் தீங்கு என்றும் முன்னாளில் மருத்துவர் பலர் எண்ணினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தா கொதிப்பைத் தணிப்பதைப் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் விளக்கினார். 1952இல் சுவிட்சர்லாந்து அறிஞர்கள் அதிலிருந்து ரெசர்ப்பினைப் பிரித்தெடுத்தனர்.

அந்த ரெசர்ப்பினோடு, சிறுநீரைப் பெருக்கும் தையசைடும் குருதிக்குழாயை விரிக்கும் ஹைட்ரலசினும் சேர்ந்தன. இம்மூன்றையும் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் சோதித்தனர். முடிவு 1967இல் வெளிவந்தது. கொதிப்பு மிகுந்த 143 ஆடவரில் வெறும் மாத்திரை உண்டோரிடையே 27 கடுங்கேடுகள் நேர்ந்தன, மருந்துண்டோரிடையே இரண்டே.

நீரிழிவாளருக்கும் இது பொருந்துமா? 1998இல் பிரிட்டனிலிருந்து விடை வந்தது. 1,148 நோயாளிகளுள் ஒரு பிரிவினரின் அழுத்தம் சராசரி 144/82 ஆகவும், மறு பிரிவினரது 154/87 ஆகவும் இருந்தன. இச்சிறு வேறுபாட்டால் பக்கவாதம் நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. நீரிழிவு சார்ந்த இறப்பு 32 பங்கு குறைந்தது. ஆயினும் ஒன்பதாம் ஆண்டில், நன்கு கட்டுப்படுத்தப்பட்டோருள் நூற்றுக்கு 29 பேருக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகள் வேண்டியிருந்தன.

காரணம் எளிது. ஒரு மருந்து அழுத்தத்தைத் தாழ்த்தினால், உடல் வேறு வழியில் அதை உயர்த்த முயல்கிறது. அவ்வழியை இரண்டாம் மருந்து அடைக்கிறது. இந்தியாவும் பங்குகொண்ட, 11,140 நீரிழிவாளரைக் கொண்ட ஆய்வொன்றில், பெரின்டோப்ரில், இன்டபமைடு என்னும் இரண்டையும் ஒரே மாத்திரையாய் அளித்தபோது இறப்பு நூற்றுக்கு 14 பங்கு குறைந்ததென 2007இல் அறியப்பட்டது.

எனினும் எல்லாக் கூட்டும் நற்கூட்டன்று. ஒரே வழியை அடைக்கும் ராமிப்ரிலையும் டெல்மிசார்ட்டனையும் சேர்த்தளித்ததில் பயன் கூடவில்லை, சிறுநீரகக் கேடே மிகுந்ததென 2008இல் தெளிவாயிற்று.

பணிமாற்றத்தால் ஊர்தோறும் மருத்துவரை மாற்ற நேரும் நம்மவர், மருந்துச் சீட்டை உடன் கொண்டு செல்லுதல் நலம். நோவு தெரியவில்லையே என்று இரண்டில் ஒன்றை நாமே நிறுத்துவதும், அண்டை வீட்டாரின் மாத்திரையை நாமே சேர்ப்பதும் தகா. எதை எதனோடு கூட்டுவது என்பதை அறிய மருத்துவ உலகிற்கே அரை நூற்றாண்டு ஆயிற்று அல்லவா?