எல்லாம் நலம் என்று சொன்ன கன்னியர்

1482ஆம் ஆண்டு. இங்கிலாந்துக் கரையை ஒட்டி, உலகத்திடமிருந்து ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கன்னியர் மடம். அங்கே ஒரு சகோதரி கொலை செய்யப்படுகிறாள். கொன்றவளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஹெட்விக் என்ற பெண்ணிடம் வருகிறது. அவளுக்குத் துப்பறிந்து பழக்கமில்லை. ஆட்களோடு பேசியே பழக்கமில்லை. ஆனாலும் அந்த மடத்தில் இந்தக் கொலையைச் செய்திருக்கவே முடியாத ஒரே ஆள் அவள்தான். ஆண்டுக்கணக்காக அவள் ஒரு சிறு அறைக்குள் அடைபட்டுக் கிடந்தாள்.

'மிசரிகோர்ட்' என்ற விஷுவல் நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. முதல் பாகம் 2022இல் வந்தது. கறுப்பு வெள்ளைப் படங்கள், கீழே ஒரு பெட்டியில் வசனம், கிளிக் செய்தால் அடுத்த வரி. 'கேம்' என்று நினைத்து வாங்கிய என் நண்பன் அரை மணி நேரத்தில், "டேய், இதுல எப்படா விளையாடுறது?" என்று மெசேஜ் போட்டான். விளையாட ஒன்றுமில்லை, படிக்கத்தான் வேண்டும். நான் இங்கே விமர்சனம் எழுதவில்லை, கொலைகாரி யார் என்றும் சொல்லப் போவதில்லை. படித்து முடித்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் போன கதைதான் இது.

கேள்வி இதுதான். நிஜமான ஒரு மத்தியகால மடத்தில் ஏதாவது தப்பு நடந்தால், அதை யார் விசாரிப்பார்கள்? யார் பேசுவார்கள்? பேசின பிறகு அவளுக்கு என்ன ஆகும்?

முதலில் அந்த அறை. ஹெட்விக் போன்ற பெண்ணை ஆங்கிலத்தில் 'ஆங்கரஸ்' என்பார்கள். கற்பனை இல்லை, நிஜமாகவே இருந்தார்கள். பெரும்பாலும் ஊர்க் கோயில் சுவரை ஒட்டி ஒரு சிற்றறை கட்டி, அதற்குள் சாகும்வரை இருப்பதாகச் சத்தியம் செய்து நுழைவார்கள். நுழைகிற அன்று நடக்கும் சடங்கைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இறந்தவர்களுக்கான ஜெபங்களைச் சொல்லுவார்கள். உயிரோடு இருக்கிறவளுக்குக் கடைசிப் பூசுதல் கொடுப்பார்கள். மேலே மண்ணைத் தூவிவிட்டுக் கதவை அடைப்பார்கள். அதாவது, உலகத்தைப் பொறுத்தவரை அவள் செத்துப் போனவள்.

அறைக்குச் சன்னல்கள் உண்டு. ஒன்று கோயிலுக்குள் பார்க்கும், பூசையைக் காண. ஒன்றின் வழியே சோறு வரும், கழிவு போகும். இன்னொன்று வெளியாட்கள் வந்து ஆலோசனை கேட்க. 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மூன்று சகோதரிகளுக்காக எழுதப்பட்ட 'ஆங்க்ரின் விஸ்ஸே' என்ற வழிகாட்டி நூல் இந்தச் சன்னல்களைப் பற்றிப் பயந்து பயந்து பேசுகிறது. சன்னல் சின்னதாக இருக்கட்டும், கறுப்புத் திரை போடு, எட்டிப் பார்க்காதே, வம்பு பேசாதே. வளர்க்க அனுமதி உள்ள பிராணி ஒன்றே ஒன்று, பூனை. (இந்த இடத்தில் எனக்கு ஆங்கரஸ்கள் மேல் மரியாதை கொஞ்சம் கூடியது.)

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு? ஊர் வம்பெல்லாம் கடைசியில் வந்து சேர்கிற இடம் அந்தச் சன்னல்தான். நார்விச் நகரில் இருந்த ஜூலியனைத் தேடி, சுமார் 1413இல் மார்ஜரி கெம்ப் என்ற பெண் போய்ப் பேசியிருக்கிறார். தனக்கு வரும் தரிசனங்கள் உண்மையா பொய்யா என்று கேட்கத்தான் போனார். ஜூலியன் எழுதிய நூல், ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்து நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் மிகப் பழையது. அறைக்குள் அடைபட்டவளிடம்தான் ஊர் போய் மனசைத் திறந்தது. அப்படிப் பார்த்தால் துப்பறிபவளாக ஓர் ஆங்கரஸை வைத்தது வெறும் புதுமைக்காக இல்லை. அவளுக்குக் குரல்கள் தெரியும், முகங்கள் தெரியாது. வெளியே வந்து ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகத்தைப் பொருத்த வேண்டும். விஷுவல் நாவல் என்ற வடிவம் செய்வதும் அதைத்தானே.

ஆனால் நிஜத்தில் அவள் வெளியே வந்தால்? சரே என்ற ஊரில் இல்லை, சர்ரி மாவட்டத்தில் ஷியர் என்ற ஊரில் (நானும் முதலில் குழப்பிக்கொண்டேன்), 1329இல் கிறிஸ்டினா கார்ப்பெண்டர் என்ற பெண் இப்படி அறைக்குள் போனார். சில ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. சத்தியத்தை உடைத்தால் திருச்சபையிலிருந்து விலக்கம். 1332இல் அவர் திரும்பவும் அடைக்கப்பட ஆயர் அனுமதி எழுதுகிறார். மன்னிப்பு என்றால் மறுபடி அந்த அறை. இதைப் படித்த பிறகு, ஹெட்விக்கை மடத் தலைவி வெளியே இழுக்கும் காட்சி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. விசாரணை தொடங்குவதே ஒரு குற்றத்தோடுதான்.

இனி விசாரணை. கொலை என்றால் 1194இலிருந்தே இங்கிலாந்தில் அதற்கு ஓர் அதிகாரி இருந்தார், கொரோனர். பிணத்தை அவர் பார்ப்பதற்கு முன்னால் புதைத்தால் ஊருக்கே அபராதம். ஆகவே மடத்துக்குள் கொலையை மூடி மறைத்து, உள்ளுக்குள்ளேயே துப்பறிவது என்பது அன்றைய சட்டத்துக்கே வெளியே நிற்கிற காரியம். ஆனால் மடங்களில் கொலை அபூர்வம். போலிச் சாவு கூட நடந்திருக்கிறது. 1318இல் யார்க் நகரத்து செயின்ட் கிளெமென்ட் மடத்திலிருந்து ஜோன் என்ற கன்னியாஸ்திரீ தன்னைப் போலவே ஒரு பொம்மை செய்து, தான் செத்துவிட்டதாக நம்ப வைத்து, அதைப் புதைக்க வைத்துவிட்டு ஓடிவிட்டதாகப் பேராயர் மெல்ட்டனின் பதிவேடு புகார் சொல்கிறது. கூட்டாளிகள் உதவினார்களாம். மடத்துக் கொலை மர்மத்தைத் தேடிப் போன எனக்குக் கிடைத்தது பிணமே இல்லாத ஒரு பிணம்.

மடங்களின் அன்றாடத் தப்புகளை விசாரித்தவர் ஆயர். 'விசிட்டேஷன்' என்று அதற்குப் பெயர். நடக்கும் முறையைக் கேளுங்கள். ஆயர் எழுத்தரோடு வருவார். பிரசங்கம் முடியும். மடத் தலைவி தன் தேர்தல் பத்திரம், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பிறகு எல்லாரையும் கூடத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டு, ஒவ்வொரு கன்னியாஸ்திரீயாகத் தனியே கூப்பிடுவார்கள். தலைவி முதலில், கடைசியில் இளையவள். ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்காது. அவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், எழுத்தர் அதை லத்தீனில், 'அவள் இவ்வாறு சொல்கிறாள்' என்று எழுதிக்கொள்வார். பெண்களுக்கு லத்தீன் தெரியாது. அதனால் இறுதியில் ஆயர் மடத்துக்கு அனுப்பும் கட்டளைகள் மட்டும் ஆங்கிலத்திலேயே வரும். குற்றம் சொன்னது லத்தீனில் உறங்கும், தீர்ப்பு சொந்த மொழியில் வாசிக்கப்படும்.

லிங்கன் மறைமாவட்டத்தின் ஆயர் வில்லியம் ஆல்ன்விக் 1436 முதல் 1449 வரை அங்கே இருந்தார். அவர் நடத்திய விசாரணைகளின் பதிவுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1922இல் ஐலீன் பவர் என்ற வரலாற்றாசிரியை இங்கிலாந்துக் கன்னியர் மடங்களைப் பற்றி எழுதிய தடிமனான புத்தகத்தில் இவற்றை விரிவாகப் பயன்படுத்தியிருக்கிறார். அந்தப் பதிவுகளில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள், 'ஓம்னியா பெனே'. எல்லாம் நலம். ஒருத்தி உள்ளே வருவாள், எல்லாம் நலம் என்பாள், போய்விடுவாள். அடுத்தவளும் அப்படியே.

அந்த இரண்டு சொற்களைப் படித்ததும் நான் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பட்டம் வாங்கி முதலில் சேர்ந்த தொழிற்சாலையில், ஒரு ப்ரெஸ் மெஷினில் ஓர் ஆப்பரேட்டரின் விரல் நசுங்கியது. மெஷினின் பாதுகாப்பு சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றி வைத்திருந்தார்கள், டார்கெட் எட்டுவதற்காக. அந்த லைனில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து எங்களை ஒவ்வொருவராக மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர். வெளியே சூப்பர்வைசர் தே தாரிக் கப்போடு நின்றுகொண்டிருந்தார். நான் சொன்னது, "எல்லாம் ப்ரொசீஜர்படிதான் சார் நடந்துச்சு." வயதான ஓர் அக்கா மட்டும் உள்ளதைச் சொன்னார். வந்தவர்கள் மாலை ஃப்ளைட்டில் போய்விட்டார்கள். அடுத்த மாதம் அக்காவுக்கு நைட் ஷிஃப்ட். "என்னக்கா, நைட்டு போட்டுட்டாங்களா?" என்று கேட்டேன். "பரவால்லப்பா, நீ சாப்ட்டியா?" என்றார்.

அதனால்தான், துப்பறியும் கதைகளில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் எனக்கு இங்கே கண்ணில் பட்டது. துப்பறிபவர் எப்போதும் வெளியாள். உம்பெர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவலில் 1327இல் மடத்துக்கு வரும் வில்லியம், ஏழு நாள் கழித்துப் போய்விடுவார். ஆல்ன்விக்கும் போய்விடுவார். கன்னியாஸ்திரீகள் எங்கே போவார்கள்? பல மடங்களில் இருந்ததே பத்துப் பதினைந்து பேர். யார் என்ன சொன்னார்கள் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். சாட்சி சொன்னவளும் குற்றம் சாட்டப்பட்டவளும் அன்று இரவே ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூரைக்கடியில் படுத்து, விடிவதற்கு முன் எழுந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று சங்கீதம் பாட வேண்டும். சாகும்வரை.

1442இல் ஆல்ன்விக் கேட்ஸ்பி மடத்துக்கு வருகிறார். தலைவி மார்கரெட் வேவர். இங்கே 'எல்லாம் நலம்' எடுபடவில்லை, சகோதரிகள் பேசிவிட்டார்கள். தலைவி பாடற்கூடத்திலேயே சகோதரிகளின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள், வேசிகளே பிச்சைக்காரிகளே என்று திட்டுகிறாள். ஒரு குருவானவரோடு அவளுக்குத் தொடர்பு. மடத்தின் பொருட்கள் அடகில் இருக்கின்றன. பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றையும் விட என்னை நிறுத்தியது வேறொரு குற்றச்சாட்டு. விசாரணையில் யாராவது வாய் திறந்தால் சிறையில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தலைவி முன்கூட்டியே மிரட்டியிருந்தாள். இதைச் சொன்னவள், அந்த மிரட்டல் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போதே சொல்கிறாள்.

குற்றச்சாட்டுகளைத் தலைவியின் முன் வைத்தார்கள். மறுத்தாள். அன்றைய திருச்சபைச் சட்டத்தில் அப்போது கைரேகையும் இல்லை, தடயமும் இல்லை. மறுத்தால், 'இவள் சொல்வது உண்மை' என்று சத்தியம் செய்யச் சிலரைக் கூட்டி வர வேண்டும். குருவானவர் விஷயத்தில் அவளுக்கு விதிக்கப்பட்டது நான்கு பேர், அதுவும் அதே மடத்துச் சகோதரிகள். ஒருத்தியும் வரவில்லை. அவள் குற்றவாளி என்று முடிவானது. கண்ணெதிரே நின்று ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து முன்னால் வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். நான் படித்த எந்தத் துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்திலும் இப்படி ஒரு காட்சி இல்லை.

விஷுவல் நாவலின் தலைப்புக்கு வருகிறேன். 'மிசரிகோர்ட்' என்றால் குத்துயிராகக் கிடக்கும் வீரனின் வேதனையை முடித்துவைக்கும் மெல்லிய கத்தி. லத்தீனில் இரக்கம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மடங்களில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தங்களும் உண்டு. ஒழுங்கைக் கொஞ்சம் தளர்த்தி, இறைச்சி சாப்பிட அனுமதிக்கும் அறைக்கு அந்தப் பெயர். பாடற்கூடத்தில் மணிக்கணக்காக நிற்பவர்கள் லேசாகச் சாய்ந்துகொள்ள, மடிப்பு நாற்காலியின் அடியில் வைத்திருக்கும் சின்ன மரப்பலகைக்கும் அந்தப் பெயர்தான். கத்தி, இறைச்சி அறை, மரப்பலகை. கன்னியர் மடத்தில் கொலை என்றதும் நாமெல்லாம் கத்தியைத்தான் நினைப்போம். பதிவேடுகளைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் நிற்பவள் யார், அவள் நேற்று என்ன சொன்னாள் என்று தெரிந்தும், கால் வலிக்க வலிக்க அவளோடு சேர்ந்து நின்றிருப்பார்களே.

கேட்ஸ்பி பதிவில் கடைசியாக ஒன்று. அடிதடி, அடகு, குருவானவர் என்று கனமான குற்றச்சாட்டுகளுக்கு நடுவில் ஓர் இளம் சகோதரியின் வாக்குமூலம் இருக்கிறது. அவளும் தனியாக உள்ளே போனாள். சிறை மிரட்டல் அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் சொன்னது இவ்வளவுதான்: தனக்கு வயது குறைவு, துறவு வாழ்க்கையைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் தலைவி தன்னைப் படுக்கை விரிக்கவும் துணி தைக்கவும் நூல் நூற்கவும் வைத்திருக்கிறாள். எழுத்தர் அதையும் லத்தீனில் எழுதிக்கொண்டார்.