அணிகலப் பேழையும் திறவுகோலும்

பொன்னைக் கொடுப்பது எளிது. அப்பொன் யாருக்கு உரியது என்பதைத் தெளிவாக்கிக் கொடுப்பதே அரிது. இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது ஒரு மரப்பெட்டி.

பணியின் பொருட்டுக் கழக்கூட்டத்தில் குடியேறிய எமக்குத் தமக்கை மகளின் திருமணச் செய்தி வந்தது. தாய்மாமன் சீராக எதனைக் கொண்டு செல்வது? பாத்திரக் கடையை நாடாமல், அயலில் வாழும் ஆசாரியார் ஒருவரிடம் சென்று, இந்நாட்டுப் பழைய நகைப்பெட்டி ஒன்றைச் செய்து தருமாறு வேண்டினோம்.

அதனை நெட்டூர்ப் பெட்டி என்றும் ஆமாடப் பெட்டி என்றும் கேரளத்தார் வழங்குவர். ஆமாட என்பது பழைய பொற்காசு ஒன்றின் பெயர் என்பர். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'மாடை' என்னும் பொற்காசை அறிந்த தமிழர்க்கு இச்சொல் அயலாகத் தோன்றாது. பேழை, செப்பு, பெட்டகம் என நாம் வழங்கும் பெயர்களின் வரிசையில் இதுவும் வைத்து எண்ணத்தக்கதே.

பெட்டியின் மூடி கூரைபோல் சரிந்து உயர்ந்திருக்கும். மழை மிகுந்த இந்நாட்டு வீட்டின் கூரையே சிறுவடிவில் பெட்டிமேல் அமர்ந்தாற் போன்ற தோற்றம். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோர் இவ்வொப்புமையை உடனே உணர்வர்.

ஈட்டி மரமே இதற்குப் பெயர்பெற்றது. ஆயினும் திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்களாக இருந்தன. எளிய இல்லங்களுக்குக் கைகொடுத்தது புறக்கடைப் பலாவே. எம் ஆசாரியாரும் நன்கு உலர்ந்த பலாப்பலகையையே தேர்ந்தார். ஓரங்களைப் பல்பல்லாக வெட்டி, ஒன்றனுள் ஒன்று செருகி, ஆணியின்றிப் பொருத்தினார். பின்னர் மூலைகளுக்குப் பித்தளைத் தகடும், முகப்பில் பூட்டும் அமைத்தார். மஞ்சள் நிறப் பலா ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாக முதிரும் என்றார்.

திருவிதாங்கூர் மன்னர் உத்திராடம் திருநாள் விக்டோரியா அரசியாருக்கு அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851-இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. அப்பரிசை வரலாறு போற்றுகிறது. தாய் மகளுக்குக் கொடுத்த மரப்பெட்டிகளை எந்த வரலாறும் எழுதவில்லை. ஆயினும் ஒரு பெண் தன்னுடையது என்று பூட்டி வைக்கத்தக்க இடம் அதுவொன்றாகவே இருந்த இல்லங்கள் பல.

அணிகலன் யாருடையது என்னும் வழக்கு நமக்குப் புதிதன்று. பாண்டியன் முன் வைத்த சிலம்பைக் கண்ணகி உடைத்தாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். உடைமைக்குச் சான்று கிடைத்தது. ஆனால் கோவலன் உயிர் திரும்பவில்லை. சான்று முன்னரே வேண்டும் என்பதே அக்காதை நமக்குத் தரும் பாடம் எனலாம்.

இக்காலச் சட்டமும் அதனையே கூறுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் உடைமைக்கு அவளையே முழு உரிமையாளர் ஆக்கியது. மனைவியின் சீதனம் கணவன் கையில் இருப்பினும் அவளுக்கே உரியது என 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரதட்சிணையைக் கேட்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். கேளாமல் மனமுவந்து தரும் பரிசுகளுக்கும் எழுத்துப் பட்டியல் வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகள் பணிக்கின்றன. பொருளின் விவரம், ஏறத்தாழ மதிப்பு, தந்தவர் பெயர், உறவு ஆகியவற்றை எழுதி, மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும். மணமகள் பெற்ற பரிசுகளின் பட்டியலை அவளே வைத்திருக்க வேண்டும்.

கோப்புகளோடு வாழும் எழுத்தர் எமக்கு இது பிடித்த வேலை. ஆயினும் எத்தனை திருமணங்களில் இப்பட்டியலைக் கண்டோம்? மொய்ப்பணத்திற்குக் குறிப்பேடு வைக்கும் நாம், மகளின் பொன்னுக்கு வைப்பதில்லை. ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்களில், துணைக்கு ஓடிவர உற்றார் அருகில் இல்லாத பெண்ணுக்கு அத்தாளின் தேவை மிகுதி.

பெட்டி முடிந்த நாளில், சாவி ஒன்றா இரண்டா என்று ஆசாரியார் கேட்டார். ஒன்றே போதும் என்றோம். பட்டியலுக்கெனத் தாள் ஒன்றை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தோம். மணப்பந்தலில் சாவியை மருமகளின் கையிலேயே கொடுத்தோம்.