திண்ணைப் பள்ளியும் ‘சென்னை முறை’யும்

ஒரு வகுப்பில் அமரும் மாணாக்கர் அனைவரும் ஒரே நிலையில் படிப்பதில்லை. ஒருவன் எழுத்துக் கூட்டித் தடுமாறும்பொழுது, அருகிலிருப்பவன் பக்கம் பக்கமாகப் படித்துச் செல்வான். ஆதலின், வாசிப்புத் திறனுக்கேற்பச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையைக் கல்வியாளர் போற்றுகின்றனர். இதனைப் புதுமை எனக் கருதுவோர் பலர். ஆயின், இதன் முன்வரலாற்றில் தமிழகத்திற்கும் பங்குண்டு.

பழைய திண்ணைப் பள்ளியில் தனித்தனி வகுப்பறைகள் இல்லை. அரிச்சுவடி தொடங்கிய சிறுவனும் நிகண்டு ஓதும் மாணாக்கனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். ஆசிரியர் அவரவர் நிலைக்கேற்பப் பாடம் தந்தார். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான்.

சென்னை எழும்பூரில் 1789-ஆம் ஆண்டு தொடங்கிய ஆண் அநாதைகள் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் மேற்பார்வையாளராக அமர்ந்தார். ஒருநாள் ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் ‘மலபாரிகள்’ என்றே குறிப்பிட்டு வந்தனர். அம்முறையைத் தம் பள்ளியில் கையாள உதவியாசிரியர் இணங்காமையால், பெல் ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றி கண்டான். பின்னர்ப் பள்ளி முழுவதும் திறன்வாரியாக வகுக்கப்பட்டது. முன்னேறியவன் மேல்வகுப்புக்கும், பின்தங்கியவன் கீழ்வகுப்புக்கும் மாற்றப்பட்டனர்.

1797-இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனும் பெயர் பரவிற்று. மணலெழுத்தைத் தமிழரிடம் கண்டதாக ஒப்புக்கொண்ட அவர், மாணாக்கரைக் கொண்டே கற்பிப்பதைத் தம் கண்டுபிடிப்பென உரிமை கொண்டாடினார். சட்டாம்பிள்ளைக்கு அவ்வுரிமையில் பங்கு கிட்டவில்லை.

இங்கிலாந்தில் இம்முறையின் சிக்கனமே பலரையும் கவர்ந்தது. ஓர் ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் திரட்டப்பட்டனர். அரைகுறையாகக் கற்ற சிறுவரே பிறருக்குக் கற்பித்தமையால், பொருளுணர்ந்து படித்தல் குன்றி, மனப்பாடமே மிகுந்தது. 1846-இல் அரசு பயிற்சி மாணவ ஆசிரியர் திட்டத்தை ஏற்படுத்தியபின், பழைய முறை படிப்படியாகத் தேய்ந்தது.

வீழ்ந்தது குழுமுறையன்று, ஆசிரியர் இல்லாத குழுமுறையே என்பது ஈண்டு உணரத்தக்கது. திண்ணையில் ஆசிரியர் ஒவ்வொரு சிறுவனின் ஓதலையும் தம் செவியாற் கேட்டார். நூற்றுக்கணக்கானோர் நிறைந்த கூடத்தில் அது இயலாமற் போயிற்று. பிள்ளைகளைக் குழுவாகப் பிரிப்பது எளிது. தடுமாறும் குழுவின் அருகே ஆசிரியரே அமர்ந்து கேட்பதும், தேறியவனை அக்குழுவிலேயே நிறுத்தி வைக்காமல் உயர்த்துவதுமே அம்முறைக்கு உயிராகும்.