மரக்கலமும் இழைக்கலமும்

வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலின் வரலாறு ஒரு மரக்கலத்தோடு தொடங்குகின்றது. சீர்பாததேவியார் ஏறிவந்த கலம் திருகோணமலைக் கடலில் தடைப்பட்டதென்றும், ஆங்குப் பெற்ற பிள்ளையார் திருவுருவமே வீரமுனையில் நிறுவப்பெற்றதென்றும் மரபு கூறும். இன்று கல்முனை, காரைதீவு, நிந்தவூர்க் கரைகளிலிருந்து கடலேறும் படகுகளிற் பல கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளால் ஆயவை. அலையின் ஓயாத அடியினால் இவை நைந்துபோமாற்றை அறிஞர் எங்ஙனம் கண்டறிந்தனர் என்பதை ஈண்டு நோக்குவாம்.

1842 ஆம் ஆண்டு மே 8 ஆம் நாள், வெர்சாயிலிருந்து பாரிசு சென்ற புகைவண்டியின் அச்சு முறிந்து 50 பேருக்கு மேல் மாண்டனர். அச்சு தாங்கக்கூடிய சுமையே அதன்மீது இருந்தது, ஆயினும் முறிந்தது. பின்னர் செருமானியப் பொறியியலாளர் ஓகுசுது வோலர் அச்சுக்களைப் பல்லாண்டு சோதித்து, சிறு சுமையும் எண்ணற்ற முறை மாறிமாறித் தாக்கின் இரும்பை முறிக்கும் என நிறுவினார். 1954 இல் கொமெற் வானூர்திகள் இரண்டு வானிற் சிதைந்தமைக்கும் இத்தகைய களைப்பே காரணமாயிற்று.

உலோகத்தில் பெரும்பாலும் ஒரு வெடிப்பே வளர்ந்து முறிவை விளைவிக்கும். இழைக்கலத்தின் இயல்பு வேறு. முதலில் பிசினில் நுண்ணிய வெடிப்புக்கள் பரந்து தோன்றும். அடுத்து அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று பிரியும். இறுதியிலேயே இழைகள் அறும். 1970களில் அமெரிக்க அறிஞர் கென்னத் ரைவ்சினைடர் முதலியோர் இவ்வொழுங்கினை விளக்கினர். முறிவுக்கு நெடுநாள் முன்னரே பொருளின் விறைப்புக் குறைகின்றது. வெடிப்பின் வழிப் புகும் நீர் இழைக்கும் பிசினுக்குமுள்ள பிணைப்பை மேலும் தளர்த்தும்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் அம்பாறைக் கரையோரம் மக்களையும் படகுகளையும் பெருமளவில் இழந்தது. இழந்தவற்றுக்கு ஈடாக இழைப்படகுகள் விரைந்து கட்டப்பட்டன. விரைவிற் பிழைகள் நேர்தல் எளிது. பிசின் ஊறாத இழையும் அடுக்கிடையே சிக்கிய காற்றுக்குமிழியும் புதுப்படகிற் புலப்படா. ஆயிரமாயிரம் அலைகளின் பின்னரே வெடிப்பாய் வெளிப்படும்.

ஆயினும் இழைக்கலம் முன்னறிவிப்பின்றி முறிவது அரிது. அடித்தட்டு முன்னிலும் மிகுதியாக வளைதல், ஓரிடம் வெளிறுதல், நாணயத்தால் தட்டுங்கால் அவ்விடம் மழுங்கிய ஒலி தருதல் ஆகியன அதன் குறிகள். மேற்பூச்சினால் அவற்றை மறைத்தல் பழுதுபார்த்தலாகாது. நைந்த அடுக்கை நீக்கிப் புதிய இழையும் பிசினும் இடுதலே முறை. ஒரு படகை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் இக்கரையில், வோலர் தொடங்கிய ஆராய்ச்சியின் பயன் கூடத்தோடு நில்லாது கடற்கரையை அடைதல் வேண்டும்.