ஐஸ்லாந்து: ஆட்சிமுறையும் அயல்வணிகமும்

வட அட்லாண்டிக் கடலில் ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் தீவுக் குடியரசு ஐஸ்லாந்து. மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. தலைநகர் ரெய்க்யவிக். இதன் நாடாளுமன்றமான அல்திங்கு கி.பி. 930இல் தோன்றியது, இன்றும் கூடிவரும் நாடாளுமன்றங்களில் இதுவே மிகப் பழையது.

தொடக்கத்தில் அரசன் இல்லை, நிலைப்படை இல்லை. கோடைதோறும் இரண்டு வாரம் திங்வெல்லிர் சமவெளியில் மக்கள் கூடினர். பின்னால் எரிமலைக் குழம்பு இறுகிய பாறைச் சுவர். முன்னால் புல்வெளியும் ஓக்சரா ஆறும். சட்டப் பாறைமீது நின்று 'சட்டம் உரைப்பவர்' நாட்டுச் சட்டத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார். பதவிக்காலம் மூன்றாண்டு, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. குடியானவர்கள் 'கோதி' எனப்பட்ட தலைவர்களைச் சார்ந்திருந்தனர். பிடிக்காவிட்டால் வேறொரு கோதியிடம் போய்விடலாம். கி.பி. 1000 அளவில் மதப் பூசல் முற்றியபோது, பழைய சமயத்தவரான சட்டம் உரைப்பவர் தோர்கெய்ர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்துச் சிந்தித்தார். எழுந்து, எல்லோருக்கும் கிறித்தவமே என்று தீர்ப்புச் சொன்னார். நாடு ஏற்றுக்கொண்டது. வாள் எடுக்காமல் முடிந்த இந்த வழக்கு எண்ணி வியக்கத்தக்கது.

தீவில் மரமும் தானியமும் போதாது. கம்பளித் துணியும், பின்னாளில் காற்றில் உலர்த்திய காட் மீனும் கொடுத்து அவற்றை வாங்கினர். சொந்தக் கப்பல்கள் அருகின; தலைவர்களுக்குள் போர் மூண்டது. 1262இல் நார்வே மன்னருக்குப் பணிந்தபோது, ஆண்டுக்கு ஆறு கப்பல் வரவேண்டும் என்பதை உடன்படிக்கையில் எழுதி வாங்கினர். உட்பகையோடு கப்பல் பஞ்சமும் தன்னாட்சி போகக் காரணம் எனக் கொள்ளலாம்.

பிறகு வந்த டென்மார்க் ஆட்சி, 1602இல் தீவின் வணிகம் முழுவதையும் டேனிய வணிகர்களின் தனியுரிமை ஆக்கியது. எந்த ஊரார் எந்தத் துறையில் விற்க வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. ஹோல்ம்பாஸ்துர் என்ற ஏழை, சில மீன்களை வேறு துறையில் விற்றதற்காகக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கப்பட்டார். தனியுரிமை 1787இல் தளர்ந்தது. 1855இல்தான் எல்லா நாட்டாருக்கும் துறைமுகங்கள் திறந்தன. இதற்காக வாதாடிய யோன் சிகுர்ட்சன் விடுதலை இயக்கத்துக்கும் தலைவர். 1800இல் கலைக்கப்பட்ட அல்திங்கு 1845இல் மீண்டும் கூடியது. 1874இல் அரசியலமைப்பு, 1904இல் உள்நாட்டு ஆட்சி, 1918இல் இறைமை. யோனின் பிறந்தநாளான ஜூன் 17 அன்று, 1944இல், அதே திங்வெல்லிரில் குடியரசு அறிவிக்கப்பட்டது.

அல்திங்கில் 63 உறுப்பினர்கள். விகிதாசாரத் தேர்தல் என்பதால் கூட்டணி ஆட்சியே வழக்கம். குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாக நான்காண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பர். 1980இல் வெற்றி பெற்ற விக்டிஸ் ஃபின்போகதோத்திர், மக்கள் வாக்கால் நாட்டின் தலைவரான உலகின் முதல் பெண். தலைவர் கையொப்பமிட மறுத்தால் சட்டம் பொதுவாக்கெடுப்புக்குப் போகும். வங்கிக் கடன் தொடர்பாக 2010, 2011 ஆண்டுகளில் அப்படி நடந்தது.

மீன்பிடி எல்லையை 200 கடல் மைலாக விரித்ததில் பிரிட்டனோடு மூண்ட 'காட் போர்' 1976இல் ஐஸ்லாந்துக்குச் சாதகமாக முடிந்தது. கடல் கைவிட்டுப் போகக்கூடாது என்பதே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராததற்குப் பெருங்காரணம். 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதார வெளியில் மட்டும் உறுப்பினர். மீன், அலுமினியம், சுற்றுலா ஆகியவை இன்றைய வருவாய். ஐரோப்பியத் தடையிலா வணிகக் கூட்டமைப்பின் உறுப்பினராக 2024 மார்ச்சில் இந்தியாவுடனும் உடன்படிக்கை செய்துள்ளது.