தலிடோமைட்டுப் பிள்ளைகளும் செயற்கைக் கைகளும்

மேற்கு ஜேர்மனியில் 1957 ஒக்டோபரில் ‘கொன்ரகான்’ என்னும் பெயருடன் சந்தைக்கு வந்த நித்திரை மருந்து, 1961 நவம்பர் இறுதியில் மீளப்பெறப்பட்டது. தலிடோமைட்டு எனப்படும் அம்மருந்தைக் கருவுற்ற காலத்தில் உட்கொண்ட தாய்மாருக்கு, கைகால் குறுகியோ முற்றாக இன்றியோ பிறந்த பிள்ளைகள் உலகெங்கும் 10,000 பேர் வரையில் இருந்தனர் என மதிப்பிடப்படுகின்றது.

இவ்வரலாறு பெரும்பாலும் மருந்தின் வரலாறாகவும் வழக்குகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. அப்பிள்ளைகள் எத்தகைய சமூகத்தினுள் வந்து பிறந்தனர் என்பதை, 1962 நவம்பரில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் வழங்கப்பட்ட தீர்ப்பொன்று உணர்த்தும். கைகளின்றிப் பிறந்த தன் சிசுவைக் கொன்ற தாய் விடுதலையானபோது மக்கள் ஆரவாரித்து மகிழ்ந்தனர். அத்தாயின் துயரை எவரும் மறுக்கார். ஆயினும் அவ்வாரவாரம், உயிரோடிருந்த ஏனைய பிள்ளைகள் மீதான தீர்ப்பாகவும் ஒலித்தது.

உயிர் வாழ்ந்தோரிடம் சமூகம் எதிர்பார்த்தது யாது? பிறரைப் போலத் தோற்றமளிக்க வேண்டும் என்பதே. பிரித்தானியாவிலும் மேற்கு ஜேர்மனியிலும் அமுக்கிய வாயுவால் இயங்கும் செயற்கைக் கைகள் சிறுவர்க்குப் பூட்டப்பட்டன. அவை பாரமானவை; தொடுவுணர்வு அற்றவை. கால்விரலாலும் குறுங்கைகளாலும் உண்ணவும் எழுதவும் விளையாடவும் தாமாகவே பழகிக்கொண்ட பிள்ளைக்கு அவை உதவியாயின என்பதிலும் இடையூறாயின என்பதே பொருந்தும். பலர் வளர்ந்ததும் அவற்றைக் கழற்றி எறிந்தனர். காலால் உண்பதைக் காணச் சகியாத கண்களுக்காகவே அக்கைகள் செய்யப்பட்டன என்று கூறின் அது மிகையன்று. அவற்றை உருவாக்கியோர் நன்னோக்கம் உடையோராகவே இருந்திருக்கலாம். எனினும் பிள்ளைகளிடம் கேட்டறிந்தோர் அரிதாகவே இருந்தனர்.

நட்டஈட்டின் வரலாறும் இதனின்று வேறுபட்டதன்று. அல்ஸ்டோர்வ் நகரில் 1968இல் தொடங்கிய குற்றவியல் வழக்கு, 1970 டிசம்பரில் தீர்ப்பின்றியே முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கம்பனி 10 கோடி மார்க் செலுத்த உடன்பட்டது. 1972இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதன்மீதான ஏனைய கோரிக்கைகளை இல்லாதாக்கிற்று. முதலுக்குப் பாதுகாப்பு இவ்வாறு விரைந்து கிட்டியது.

பிள்ளைகளுக்கோ கதவுகள் மெல்லவே திறந்தன. 1959இல் பிறந்த பாடகர் தோமஸ் குவாஸ்தோவ், பியானோ வாசிக்க இயலாதவர் என்ற காரணத்தால் இசைக் கல்லூரியிற் சேர்க்கப்படவில்லை. தனியாகப் பயின்றே அவர் உலகப் புகழ் ஈட்டினார்.

கம்பனி முதன்முறையாக மன்னிப்புக் கோரியது 2012 ஓகஸ்ட் 31ஆம் நாளன்று. அரை நூற்றாண்டு கடந்த பின்னர். அப்போது அப்பிள்ளைகள் ஐம்பது வயதினர். கைகளுக்கு ஈடாக உழைத்த அவர்தம் பற்களும் இடுப்பும் முதுகெலும்பும் பலருக்கு ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்தன.